எழுபத்தொன்பது

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
ஏன் ஓடுகிறீர்கள்?
பதிலுக்கு விட்டிருந்த இடம்
ஒரு விரல் நீளம்.

சர்க்கரை, என்று எழுதினேன்.
பொய்யில்லை. நட நோல்ஃபா, நட என்று
மூன்று வருடமாக டாக்டர்
சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.
அடித்துவிட்டு
மகளுக்காக, என்று எழுதினேன்.
மகள் அன்டோஃபகஸ்டாவில் இருக்கிறாள்.
நான் ஓடுவதே அவளுக்குத் தெரியாது.
அதையும் அடித்தேன்.
கடைசியில் அவர்களே போட்டிருந்த கட்டங்களில்
சுய சாதனை என்பதில் ஒரு கோடு இழுத்துவிட்டுக்
கட்டணம் கட்டினேன்.

கட்டணம் வாங்கித்தான் எனக்குப் பழக்கம்.

அட்டகாமா நெடுஞ்சாலை,
நாலாம் எண் சுங்கக் கூண்டு,
பத்தொன்பது வருடம்.
லாரி, பஸ், செம்புச் சுரங்கத்து வேன்,
சவ வண்டி (அதற்கும் கட்டணம் உண்டு),
நடுராத்திரியில் மணப்பெண் உடுப்போடு
தனியாக ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி.
முகங்கள் மறந்துவிட்டன. கைகள் நினைவிருக்கின்றன.
மோதிரம், கிரீஸ்,
பிள்ளை கடித்த தழும்பு.

கண்ணாடியை இறக்கியதும் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்:
துறைமுகத்துக்கு இன்னும் எவ்வளவு?
எழுபத்தொன்பது, என்பேன்.
தலைக்கு மேல் ஒட்டியிருந்த அட்டை அப்படிச் சொன்னது.
மீதிச் சில்லறையோடு அதையும்
எண்ணிக் கையில் வைத்தேன்.
ஒரு நாளைக்கு நூறு தரம் என்று வையுங்கள்.
பெருக்கிப் பார்க்காதீர்கள்.
நான் பெருக்கிப் பார்த்தேன், தூக்கம் போயிற்று.

போன மார்ச்சில் கூண்டை மூடினார்கள்.
இப்போது ஒரு இரும்பு வளைவு நிற்கிறது,
கேமரா பார்த்துக் கழித்துக்கொள்கிறது.
எனக்கு ஒரு கடிதம், ஒரு காசோலை,
கம்பெனி பெயர் போட்ட போர்வை.
வருத்தமா என்றால், இல்லை.
முதுகுவலி விட்டது.
அந்த எண் மட்டும் விடவில்லை.
பாத்திரம் கழுவும்போது வாயில் வருகிறது.
பஸ்ஸில் போயிருக்கிறேன், தூங்கிக்கொண்டே.
உப்பு விற்றே பிழைத்தவள்
ஒரு கல்லும் நாக்கில் வைத்ததில்லை.

இதை ஒரு விரல் நீளத்தில் எப்படி எழுத?

காலை நாலு மணி. கூண்டின் வாசலில்தான் தொடக்கக் கோடு.
நூற்றுப் பன்னிரண்டு பேர்,
நெற்றியில் ஆளுக்கொரு விளக்கு.
துப்பாக்கிச் சத்தம் இல்லை,
யாரோ விசில் ஊதினார்கள், கிளம்பிவிட்டோம்.

முதல் பத்தில் ஒன்றுமில்லை.
பதினெட்டில் இடது முழங்கால் பேசத் தொடங்கியது.
இருபத்திரண்டில் வெளிச்சம் வந்தது,
அப்போதுதான் பார்த்தேன்:
சாலையோரம் பொம்மை வீடு அளவில்
வெள்ளையடித்த சின்னச் சின்னக் கோயில்கள்,
விபத்தில் போனவர்களுக்கு.
காரில் போனால் ஒரு வெள்ளைக் கீற்று.
ஓடினால் பெயர் படிக்கலாம்.
லூத்கார்தா.
எலியாசர், லாரியின் சின்ன மாதிரி ஒன்றோடு.
முப்பத்தாறில் ஒருவன்,
என் கூண்டுக் காலத்துத் தேதி, ஆகஸ்ட் மாதம்,
வாசலில் அவனுக்காகத் தண்ணீர் பாட்டில்கள்.
எழுபத்தொன்பது என்று நான் சொல்லியனுப்பி
முப்பத்தாறில் நின்றுபோனவன்.
அவன் கை எது?
நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே நாலு கிலோமீட்டர் ஓடினேன்.
கிடைக்கவில்லை.

ஐம்பதில் ஒரு பையன்
மணலில் வாந்தியெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.
விளாடிமிர், நெஞ்சில் குத்திய அட்டையில் இருந்தது.
கையை நீட்டினான்.
பழக்கம், முதலில் உள்ளங்கையைத்தான் பார்த்தேன்.
காசு இல்லை.
பிடித்துத் தூக்கினேன்.

இன்னும் எவ்வளவு, என்றான்.
இருபத்தொன்பது.
அது அதிகமா?

பத்தொன்பது வருடத்தில் ஒருவரும்
இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.
தடுப்புக்கட்டை எழும்பும், போய்விடுவார்கள்.

தெரியவில்லை, என்றேன்.
ஐம்பது தெரியும்.
ஐம்பது எப்படி என்று கேள்,
சொல்லிக்கொண்டே போகலாம்.